சால்வியா வாடினால் முதலில் பூவாளியைக் கீழே வையுங்கள்

(சென்னையில் மாடித்தோட்ட ஆர்வலர்களின் சந்திப்பு ஒன்றில், ஜனவரி மாதத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் தோட்டக்கலை படித்தவன் இல்லை. இதழியல் படித்துவிட்டு, அரசுச் சேவைகளைப் பற்றி எழுதுகிற வேலையில் இருக்கிறேன். சால்வியா பற்றிப் பேச எனக்கு இருக்கிற ஒரே தகுதி, ஆறு தொட்டி வாங்கி அதில் ஐந்தைச் சாகடித்தவன் என்பதுதான். ஆறாவது ஏன் பிழைத்தது என்று தேடப் போய்த்தான் இன்றைக்குப் பேசப்போகும் எல்லாவற்றையும் தெரிந்துகொண்டேன்.

போன வருஷம் இதே மாதம். சாலையோர நர்சரியில் செக்கச் செவேலென்று பூத்திருந்த சால்வியாவைப் பார்த்து மயங்கி, ஆறு வாங்கி வந்து பால்கனியில் வரிசையாக வைத்தேன். தரை அழுக்காகக் கூடாது என்று ஒவ்வொன்றின் அடியிலும் பிளாஸ்டிக் தட்டு. ஐந்து தட்டுதான் வீட்டில் இருந்தது. ஆறாவது தொட்டியை மூலையில் இரண்டு செங்கல் மேல் வைத்தேன். இந்தத் தட்டுக் கணக்கை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது வாரம் ஒரு செடி மதியம் தலை தொங்கியது. தண்ணீர் ஊற்றினேன். மறுநாள் இன்னும் தொங்கியது. இன்னும் ஊற்றினேன். கைப்பேசியில் ஒரு செயலி வேறு, தினமும் காலை ஏழு மணிக்கு "செடிக்குத் தண்ணீர் ஊற்றும் நேரம்" என்று மணியடித்துக்கொண்டிருந்தது. அதற்கு என்ன தெரியும், முந்தின இரவு மழை பெய்ததோ இல்லையோ! ஒரு மாதத்தில் ஐந்தும் போய்ச் சேர்ந்தன.

என் செடிக்கு முதல் சரியான நோயறிதல் யார் செய்தார் தெரியுமா? வீடு வீடாகக் கொசுப்புழு இருக்கிறதா என்று பார்க்க வருகிற பணியாளர் அக்கா ஒருவர். பால்கனிக்கு வந்தார், தட்டைச் சாய்த்துப் பார்த்தார். உள்ளே புழு நெளிந்தது. "தம்பி, தட்டுல நிக்கிற தண்ணி கொசுவுக்குத்தான் நல்லது. உங்க செடிக்கு ஆகாது" என்று சொல்லிவிட்டுக் கவிழ்த்துவிட்டுப் போனார். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு இப்படித் தேங்கிய நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். நம் ஊர் வெயிலில் முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். செடித் தட்டைக் காலி செய்யச் சொல்லி வருபவர் கொசுவுக்காகச் சொல்கிறார். ஆனால் அதே வேலை சால்வியாவின் வேரையும் காப்பாற்றுகிறது.

ஏன் என்று சொல்கிறேன், ஏனென்றால் இதுதான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. வேர் தண்ணீர் குடிப்பது மட்டுமில்லை, மூச்சும் விடுகிறது. மண்துகள்களுக்கு நடுவில் இருக்கிற இடைவெளியில் காற்று இருக்க வேண்டும். அந்த இடைவெளி முழுக்கத் தண்ணீர் நிரம்பி நாள்கணக்கில் நின்றால் வேர் மூச்சுத்திணறும். பலவீனமான வேரை பித்தியம், பைட்டோப்தோரா போன்ற நோய்க்கிருமிகள் பிடித்துக்கொள்ளும். வெள்ளையாக, கெட்டியாக இருக்க வேண்டிய வேர் பழுப்பாகி, கொழகொழவென்று, மோந்தால் சாக்கடை வாசம் அடிக்கும். அழுகின வேரால் தண்ணீரை மேலே அனுப்ப முடியாது. அதனால் ஈர மண்ணில் நிற்கிற செடி, தண்ணீர் இல்லாத செடி மாதிரியே வாடும். நாம் பார்க்கிறது இலையை மட்டும். இலை "தாகம்" என்கிறது, நாம் ஊற்றுகிறோம். அதுவே அதற்கு வாய்க்கரிசி ஆகிவிடுகிறது.

ஆக, சால்வியா வாடினால் பூவாளியை எடுக்காதீர்கள். விரலை இரண்டாவது கணு வரை மண்ணில் விடுங்கள். உள்ளே ஈரம் இருந்தால் அது தாகம் இல்லை, வேரில் பிரச்சினை. காய்ந்திருந்தால் தாராளமாக ஊற்றுங்கள், அடித் துளை வழியாகத் தண்ணீர் வெளியே வருகிற வரை. அப்புறம் மறுபடி மேல்மண் காய்கிற வரை விட்டுவிடுங்கள். பழகினவர்கள் தொட்டியை லேசாகத் தூக்கிப் பார்த்தே சொல்லிவிடுவார்கள். இன்னொரு விஷயம்: மதியம் ஒரு மணி வெயிலில் வாடுவதை வைத்து முடிவெடுக்காதீர்கள். அந்த நேரத்தில் நாமும் அப்படித்தான் இருக்கிறோம். மறுநாள் காலை ஆறு மணிக்குப் பாருங்கள். அப்போதும் தொங்கினால்தான் கவலை. அந்தச் செயலியையும் தூக்கிப் போட வேண்டாம். "தண்ணீர் ஊற்று" என்றிருப்பதை "மண்ணைத் தொட்டுப் பார்" என்று மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

வேரழுகல் ஆரம்ப நிலையில் இருந்தால் காப்பாற்றலாம். தொட்டியிலிருந்து செடியை எடுத்து, அழுகின வேரைச் சுத்தமான கத்தரியால் வெட்டிவிட்டு, புது மண் கலவையில் வையுங்கள். மேலே மூன்றில் ஒரு பங்கைக் கிள்ளிவிடுங்கள். குறைந்த வேர் அவ்வளவு இலைக்கும் தண்ணீர் அனுப்ப முடியாது இல்லையா. ஒரு வாரம் நிழல். உரம் கூடவே கூடாது. அதோடு, நன்றாக இருக்கிற நுனிக் கிளையில் நான்கு விரல் நீளத்துக்கு வெட்டி, அடி இலைகளை எடுத்துவிட்டு, ஈரமான மணலிலோ தேங்காய் நார்த்தூளிலோ குத்தி வையுங்கள். சால்வியா இரண்டு மூன்று வாரத்தில் வேர் விட்டுவிடும். தாய்ச்செடி போனாலும் வம்சம் நிற்கும். தண்டின் அடிப்பாகமே கறுத்துவிட்டதென்றால் மெனக்கெடாதீர்கள், தூக்கிப் போடுங்கள். அந்த மண்ணை அடுத்த செடிக்குப் பயன்படுத்தாதீர்கள்.

இப்போது இந்தச் செடி யார் என்று கொஞ்சம் பார்ப்போம். துளசி, புதினா, தும்பை, கற்பூரவல்லி, இவையெல்லாம் ஒரே குடும்பம். தண்டை விரலால் உருட்டிப் பாருங்கள், நான்கு பட்டையாக இருக்கும். சால்வியாவும் அப்படித்தான், அதே குடும்பம். உலகத்தில் சுமார் ஆயிரம் வகை சால்வியா இருக்கிறது. 2017-ல் ரோஸ்மேரியையும் தாவரவியலாளர்கள் இந்தப் பேரினத்துக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். நம் நர்சரிகளில் கிடைப்பது பெரும்பாலும் மூன்று நான்குதான். பிரேசிலைச் சேர்ந்த சிவப்புச் சால்வியா, டெக்சஸ் - மெக்சிகோ பக்கத்து நீலச் சால்வியா, உயரமாக வளரும் மெல்லிய பூக்கொத்துள்ள காக்சினியா, அப்புறம் மலைப்பகுதிகளில் வெல்வெட் துணி மாதிரி ஊதாப் பூ விடும் மெக்சிகோ புதர்ச் சால்வியா.

இந்தப் பிறந்த ஊர் விவரம் எதற்கு என்று கேட்கலாம். அதில்தான் பாதி "நோய்" தீர்ந்துவிடுகிறது. சிவப்புச் சால்வியாவுக்கு நம் சமவெளி வெயில் ஒத்துக்கொள்ளாது. சென்னையில் அது டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை ராஜாவாக இருக்கும். மார்ச்சில் பூ குறையும், ஏப்ரலில் இலை மஞ்சளாகி, தண்டு காய்ந்து, போய்விடும். அது நோய் இல்லைங்க, ஆயுசு. அதன் பருவம் முடிந்தது. "ஏப்ரல்ல எல்லாச் செடியும் செத்துப்போச்சு, என்ன மருந்து அடிக்கலாம்?" என்று எனக்கே எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள். எந்த மருந்தும் வேண்டாம். மார்ச் பிறந்ததும் மதிய வெயில் படாத இடத்துக்கு நகர்த்தினால் இரண்டு மூன்று வாரம் கூடுதலாகக் கிடைக்கும், அவ்வளவுதான். கோடையிலும் சால்வியா வேண்டும் என்றால் நீலத்தையோ காக்சினியாவையோ வையுங்கள். அவை வெயிலைத் தாங்கும். உதகை, கொடைக்கானல்காரர்களுக்குக் கதையே தலைகீழ். 1848-ல் தொடங்கிய உதகை அரசு தாவரவியல் பூங்காவில் மே மாத மலர்க் கண்காட்சியின்போது சால்வியா செழிப்பாக நிற்கும். அங்கே எதிரி டிசம்பர், ஜனவரி உறைபனி. ஒரே இரவில் சிவப்புச் சால்வியா வெந்த கீரை மாதிரி ஆகிவிடும். இரவில் மூடி, காலையில் திறந்து வைக்க வேண்டும்.

நோய் இல்லாத இன்னும் இரண்டு "நோய்களை"யும் சொல்லிவிடுகிறேன். நீலச் சால்வியாவின் பூந்தண்டில் வெள்ளையாக மாவு பூசியது போல இருக்கும். சாம்பல் நோய் என்று நினைத்து மருந்தடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அதன் தாவரவியல் பெயரிலேயே "மாவு" என்று பொருள்படும் சொல் இருக்கிறது: ஃபாரினேசியா. அது பிறவி அழகு. துடைத்து எடுக்காதீர்கள். இரண்டாவது, சிவப்புச் சால்வியாவில் நீளக் குழல் மாதிரி இருக்கிற பூ இரண்டு மூன்று நாளில் உதிர்ந்துவிடும். பயப்பட வேண்டாம். அதைத் தாங்கியிருக்கிற புல்லிவட்டமும் சிவப்புதான், அது பல நாள் நிற்கும். தூரத்திலிருந்து நாம் பார்க்கிற சிவப்பில் பெரும்பகுதி அதுதான். அது வெளிறினதும் கொத்தை முழுசாகக் கிள்ளிவிடுங்கள், பக்கத்தில் புதுக் கொத்து வரும்.

சரி, உண்மையான பூச்சிகளுக்கு வருவோம். இங்கே என்னுடைய ஒரே வேண்டுகோள்: மருந்து வாங்குவதற்கு முன்னால் இலையைத் திருப்புங்கள். கைப்பேசி எல்லார் கையிலும் இருக்கிறது. நாம் செடியை மேலே இருந்து, பூ தெரிகிற மாதிரி, அழகாகப் படம் எடுக்கிறோம். மருத்துவரிடம் போய்ச் சிரித்த முகத்தைக் காட்டுவது மாதிரி அது. நான்கு படம் எடுங்கள். முழுச் செடி தொட்டியோடு ஒன்று. கெட்டுப்போன இலையின் அடிப்பக்கம், கிட்டத்தில், பக்கத்தில் ஒரு ஒரு ரூபாய் நாணயம் வைத்து ஒன்று. தண்டு மண்ணைத் தொடுகிற இடம் ஒன்று. தொட்டியின் அடித் துளை ஒன்று. யாரிடம் காட்டினாலும் இந்த நான்கும் இருந்தால் பாதி வேலை முடிந்தது. படத்தை வைத்துச் செடியின் பெயர் சொல்லும் செயலிகள் பெயரை ஓரளவு சரியாகச் சொல்லிவிடுகின்றன. நோயைச் சொல்லும்போதுதான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். ஒரு மஞ்சள் இலைக்கு ஐந்து காரணம் இருக்கும். உங்கள் தொட்டியில் துளை அடைத்திருப்பது அதற்கு எப்படித் தெரியும்?

இலையைத் திருப்பினதும் கையைத் தட்டினால் குபுக்கென்று வெள்ளைப் பொடி பறக்கிறதா? வெள்ளை ஈ. மஞ்சள் அட்டையில் விளக்கெண்ணெய் தடவி, செடி உயரத்துக்குக் கட்டுங்கள், வந்து ஒட்டிக்கொள்ளும். அடியில் ஒட்டியிருக்கும் குஞ்சுகளுக்கு, ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெய், அது கலப்பதற்குக் கொஞ்சம் காதி சோப்புக் கரைசல். சாயங்காலம் இலையின் அடியில் படும்படி தெளிக்க வேண்டும். முதலில் இரண்டே இலையில் தெளித்து ஒரு நாள் பாருங்கள். சால்வியா இலை மென்மையானது, கருகினால் அளவைக் குறையுங்கள். வாரம் ஒருமுறை, மூன்று வாரம். ஒரு தடவை அடித்துவிட்டு "வேலை செய்யல" என்று சொல்லக் கூடாது, ஏனென்றால் முட்டைகள் அப்படியே இருக்கும்.

இலை மேலே ஊசியால் குத்தினது போல வெளிர் புள்ளி, அடியில் மெல்லிய நூலாம்படை, காய்ந்த வெயில் காலம் என்றால் சிலந்திப்பேன். கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. ஒரு வெள்ளைத் தாளை அடியில் பிடித்து இலையைத் தட்டுங்கள். விழுந்த தூசியில் சில துகள் நடக்கும். இதற்கு எட்டுக் கால், பூச்சி இனமே இல்லை. இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. கடையில் "பூச்சி மருந்து" என்று கேட்டால் பல இடங்களில் இமிடாகுளோபிரிட் கொடுப்பார்கள். அது சிலந்திப்பேனைக் கொல்லாது. அதைத் தின்கிற நல்ல பூச்சிகளைக் கொன்றுவிட்டு, இதைப் பெருக்கிவிடும். காசும் போய், பிரச்சினையும் வளரும். இலையின் அடியில் குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சி அடிப்பது, மூன்று நாளுக்கு ஒருமுறை, காலையில். அதுதான் முதல் வைத்தியம். பெரும்பாலும் அதுவே போதும்.

குருத்தில் கூட்டமாக அசுவினி, தண்டில் எறும்பு வரிசை, இரண்டும் சேர்ந்தே வரும். அசுவினி விடும் இனிப்புக்கு எறும்பு காவல் நிற்கிறது. இரண்டு விரலால் நசுக்கினாலே தொட்டிச் செடிக்குப் போதும். பஞ்சு மாதிரி மாவுப்பூச்சி இருந்தால், காது குடையும் பஞ்சுக் குச்சியை ஆல்கஹால் கலந்த சானிடைசரில் தொட்டு ஒவ்வொன்றாகத் துடைத்து எடுங்கள்.

மாவுப்பூச்சி என்றதும் ஒரு விஷயம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 2008-ல் கோவைப் பக்கம் பப்பாளி மாவுப்பூச்சி தலைகாட்டி, பப்பாளி, மரவள்ளி, மல்பெரி என்று எல்லாவற்றையும் சூறையாடியது. விவசாயிகள் மாற்றி மாற்றி மருந்தடித்தும் அடங்கவில்லை. 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து அசெரோஃபேகஸ் என்ற கடுகளவு கூட இல்லாத ஒட்டுண்ணிக் குளவியை வரவழைத்து விட்டார்கள். அது மாவுப்பூச்சிக்குள் முட்டையிட்டு, சில மாதங்களில் ஆட்டத்தை முடித்தது. உங்கள் பால்கனிக்கும் பொறிவண்டும் குட்டிக் குளவிகளும் வந்துகொண்டுதான் இருக்கின்றன. கண்டதும் மருந்தடித்தால் முதலில் சாவது அவைதான்.

வெள்ளைப் பொடி தண்டில் இல்லாமல் இலை மேல் வட்டம் வட்டமாகப் படர்ந்தால் அது சாம்பல் நோய். பகலில் வெயில், இரவில் பனி என்கிற நம் ஜனவரி - பிப்ரவரி அதற்குத் தோதான காலம். முதல் வேலை தொட்டிகளுக்கு நடுவில் ஒரு முழம் இடைவெளி விடுவது. நோய் கண்ட இலையைப் பறித்துக் குப்பையில் போடுங்கள், உரக்குழியில் வேண்டாம். மோரோ பாலோ தெளிக்கலாமா என்று கேட்பார்கள். பத்தில் ஒரு பங்கு பால் கலந்த தண்ணீர் சீமைச் சுரைக்காய்ச் செடியின் சாம்பல் நோயைக் கட்டுப்படுத்தியதாக 1999-ல் பிரேசில் ஆய்வு ஒன்று வந்தது. தொட்டி இரண்டு மூன்று என்றால் முயன்று பார்க்கலாம், தப்பில்லை. நோய் மீறினால் நனையும் கந்தகத்தூள், லிட்டருக்கு 2 கிராம், காலை நேரத்தில். வெயில் 32 டிகிரியைத் தாண்டும் நாளில் கந்தகம் அடித்தால் இலை வெந்துவிடும். வேப்பெண்ணெய் அடித்து இரண்டு வாரத்துக்குள்ளும் கந்தகம் வேண்டாம்.

மலைப்பகுதி வாசகர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். மேலே நரம்புக்கு நரம்பு கட்டம் கட்டினது போல மஞ்சள், அடியில் சாம்பல் நிறப் பூஞ்சை என்றால் அது அடிச்சாம்பல் நோய். பெயர் ஒரே மாதிரி இருந்தாலும் வேறு கிருமி, கந்தகத்துக்கு மசியாது. இலை மேல் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தி, பிடித்த செடியை அப்புறப்படுத்துவதுதான் வழி.

மழைக்காலத்தில் இலையில் பெரிய பெரிய ஓட்டையும் பக்கத்தில் பளபளவென்று கோடும் இருந்தால் நத்தை. இரவு எட்டு மணிக்கு மேல் டார்ச் அடித்துப் பொறுக்குங்கள். வெறுங்கையால் தொடாதீர்கள். ராட்சத ஆப்பிரிக்க நத்தையில் மனிதர்களுக்கு மூளைக்காய்ச்சல் உண்டாக்கும் ஒரு புழு இருக்கலாம். பாலித்தீன் பையைக் கையில் மாட்டிக்கொண்டு எடுத்து, சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். குழந்தைகளை இந்த வேலைக்கு அனுப்ப வேண்டாம்.

குழந்தைகள் என்றதும், நான் ஆரம்பத்தில் சொல்லாமல் விட்டதைச் சொல்கிறேன். என் செடிகள் வாடினபோது மேல் வீட்டு ஆன்ட்டி பாசமாக ஒரு பாட்டிலைக் கொண்டுவந்து கொடுத்தார். தண்ணீர் பாட்டில். உள்ளே பால் மாதிரி ஏதோ. கடையில் சில்லறையாக ஊற்றிக் கொடுத்த மருந்தாம். பெயர் கிடையாது, அளவு கிடையாது. நானும் மூடியைத் திறந்துவிட்டேன். என் அம்மாதான், "பக்கத்துல கறிவேப்பிலைத் தொட்டி இருக்கு, அவங்க பேத்தி தவழ்ற இடம், இது என்னன்னே தெரியாம அடிக்கிறியே" என்று பிடுங்கி வைத்தார். யோசித்துப் பாருங்கள், என் செடிக்கு இருந்தது வேரழுகல். அந்தப் பாட்டிலில் எந்தப் பூச்சிமருந்து இருந்திருந்தாலும் அது குணமாகியிருக்காது. ஒன்றும் ஆகாத ஒரு வேலைக்காக, தண்ணீர் பாட்டிலில் விஷத்தை வைத்துக்கொண்டு வீட்டுக்குள் நடமாடியிருக்கிறோம்.

மருந்து வாங்கியே ஆக வேண்டும் என்றால் மூடி முத்திரை உடையாத, லேபிள் உள்ள பாக்கெட்டாக வாங்குங்கள். லேபிளில் சாய்சதுரமாக ஒரு கட்டம் இருக்கும், அதன் கீழ்ப்பாதியில் நிறம் இருக்கும். சிவப்பு என்றால் மிகக் கொடிய நஞ்சு. அடுத்தது மஞ்சள், பிறகு நீலம், கடைசியாகப் பச்சை. சிவப்பும் மஞ்சளும் வீட்டுக்குள் வரவே கூடாது என்பது என் கட்சி. ஐம்பது ரூபாய்ச் செடிக்கு அவ்வளவு ஆபத்து எதற்கு? செடிக்குள் ஊடுருவிப் பாயும் மருந்துகள் பூந்தேனுக்கும் போகும் என்பதையும் நினைவில் வையுங்கள். சால்வியாப் பூவுக்குள் ஒரு நெம்புகோல் அமைப்பு இருக்கிறது. தேனுக்காகத் தேனீ தலையை நுழைத்ததும் மகரந்தத் தண்டு இறங்கி அதன் முதுகில் பொடியைத் தடவும். ஒரு துடைப்பக்குச்சியை உள்ளே விட்டாலே பல வகைகளில் அதைப் பார்க்கலாம், பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். சிவப்புச் சால்வியாவுக்கு அதன் சொந்த ஊரில் ஓசனிச்சிட்டு வரும். நம் ஊரில் அந்த இடத்தைத் தேன்சிட்டு பிடித்துக்கொள்கிறது. காலையில் அது வந்து குடிக்கிற தேனில் நாம் மருந்து கலந்து வைக்கக் கூடாது.

விதையிலிருந்து வளர்க்கிறவர்களுக்குச் சில வார்த்தை. சமவெளியில் செப்டம்பர், அக்டோபரில் விதைக்க வேண்டும். அதாவது வடகிழக்குப் பருவமழை வாசலில் நிற்கும்போது. அதனால்தான் நாற்றழுகல் இவ்வளவு. முளைத்த நாற்று அடியில் நூல் மாதிரி மெலிந்து, அப்படியே சாய்ந்துவிடும். குழித்தட்டை மழை படாத, ஆனால் வெளிச்சம் உள்ள இடத்தில் வையுங்கள். சிவப்புச் சால்வியா விதைக்கு முளைக்க வெளிச்சம் வேண்டும், ஆழமாகப் புதைக்காதீர்கள், மேலே தூவி லேசாக அழுத்தினால் போதும். டிரைக்கோடெர்மா விரிடி விதைநேர்த்திக்குக் கிலோவுக்கு 4 கிராம் என்று சொல்வார்கள். நம்மிடம் இருக்கிற ஒரு பொட்டலம் விதைக்கு ஒரு சிட்டிகை. நான்கு ஜோடி இலை வந்ததும் நுனியைக் கிள்ளுங்கள். மனசு கேட்காது, ஆனால் கிள்ளினால்தான் பக்கக் கிளை வெடித்துப் புதராகும். மண்ணுக்குச் செம்மண், மக்கிய தேங்காய் நார்த்தூள், மண்புழு உரம் மூன்றும் சம அளவு, இறுக்கமாகத் தோன்றினால் கொஞ்சம் ஆற்று மணல். நார்த்தூளை இரண்டு மூன்று தடவை அலசாமல் போடாதீர்கள், அதில் உப்பு இருக்கும்.

உப்பு என்றால் சால்வியாவுக்கு ஆகவே ஆகாது. அரங்கில் ஓர் அம்மா கேட்டார், "இலையோரம் கருகுது தம்பி, பூச்சி எதுவும் இல்ல, தண்ணியும் அளவாத்தான் ஊத்துறேன்." என்ன தண்ணீர் என்று கேட்டேன். "ஆர்.ஓ. மெஷின்ல இருந்து வீணா போற தண்ணிதான், வேஸ்ட் பண்ணக் கூடாதுன்னு பிடிச்சு வெச்சு ஊத்துறேன்" என்றார். எவ்வளவு நல்ல எண்ணம்! ஆனால் அந்தக் கருவி நல்ல தண்ணீரை நமக்குக் கொடுத்துவிட்டு, உப்பை எல்லாம் மிச்சத் தண்ணீரில்தான் சேர்த்து அனுப்புகிறது. ஏற்கெனவே உப்பான ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் என்றால் இன்னும் மோசம். தொட்டி விளிம்பில் வெள்ளைப் படிவம், இலையோரக் கருகல், இளம் இலையில் நரம்பு மட்டும் பச்சையாக நின்று நடுவில் மஞ்சள், இவை அதன் அடையாளம். அந்தத் தண்ணீரைத் தரை கழுவவும் கழிவறைக்கும் வைத்துக்கொள்ளுங்கள். செடிக்குக் குழாய்த் தண்ணீர், மழைத் தண்ணீர், அல்லது குளிர்சாதனப் பெட்டியிலிருந்து சொட்டுகிற தண்ணீர் ஊற்றலாம். அதில் உப்பு கிடையாது. கருகின செடிக்கு ஒருமுறை தொட்டியின் கொள்ளளவைப் போல இரண்டு மடங்கு நல்ல தண்ணீரை நிதானமாக ஊற்றி, அடித் துளை வழியாக உப்பைக் கழுவி வெளியேற்றுங்கள். கருகின இலை திரும்பப் பச்சையாகாது. புது இலை சுத்தமாக வந்தால் சரியாகிவிட்டது என்று அர்த்தம்.

இதையெல்லாம் பார்த்தும் புரியவில்லை என்றால் யாரைக் கேட்பது? கட்டணமில்லாத கிசான் கால் சென்டர் எண் 1800-180-1551, காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை, தமிழிலேயே பேசலாம். விவசாயிகளுக்கானது என்று தயங்க வேண்டாம், ஆனால் அவர்கள் நேரத்தை மதித்து, மேலே சொன்ன நான்கு படத்தையும் முன்னால் பார்த்து வைத்துக்கொண்டு பேசுங்கள். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேளாண் இணையதளத்தில் பூச்சி, நோய்ப் பக்கங்கள் தமிழில் இருக்கின்றன. நேரில் காட்ட வேண்டும் என்றால் சென்னைக்குப் பக்கத்தில் காட்டுப்பாக்கத்திலும் திரூரிலும் வேளாண் அறிவியல் நிலையங்கள் உண்டு, மற்ற மாவட்டக்காரர்கள் தங்கள் மாவட்ட நிலையத்தைத் தேடிக்கொள்ளலாம். செடியைக் கொண்டுபோனால் வேரோடு, மண்ணோடு, பையில் கட்டிக் கொண்டுபோங்கள். ஒற்றை இலையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போகாதீர்கள், நான் போய் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அந்த ஆறாவது தொட்டி ஏப்ரல் இரண்டாவது வாரம் வரை பூத்தது. வெளிறின கொத்து ஒன்றைக் கிள்ளாமல் விட்டு வைத்திருந்தேன். காய்ந்த புல்லிவட்டத்தைப் பிரித்தால் அடியில் நான்கு விதை வரை கிடைக்கும், கறுப்பாகச் சின்னதாக. அதைக் காகிதக் கவரில் போட்டு வைத்து அக்டோபரில் தூவினேன். கலப்பின ரகமாக இருந்தால் தாய் மாதிரியே வராது என்று சொல்லியிருந்தார்கள். உண்மைதான், எனக்கு வந்த ஒன்பது செடியில் இரண்டு கொஞ்சம் வெளிர் சிவப்பு, ஒன்று என் இடுப்பு உயரம். ஒன்பதும் இன்றைக்குச் செங்கல் மேல் நிற்கின்றன. தட்டு எதுவும் வாங்கவில்லை.